உதியன்குளங்கரையில் சூடேறிய வண்டி

காலை 9.40, நாகர்கோவில். வடசேரியிலிருந்து நெய்யாற்றின்கரைக்கு ஐம்பது கிலோமீட்டர். ஐம்பது கிலோமீட்டருக்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் கிளம்பினேன். ஒன்றரை மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒன்றே முக்கால் என்று என் மனைவி சுபாவிடம் முந்தின நாளே அடித்துச் சொல்லியிருந்தேன். நான் அடித்துச் சொல்லும் காரியங்கள் எப்படி முடியும் என்பது பதினான்கு வருடமாக அவளுக்குத் தெரியும். ஹால் டிக்கெட்டை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

சுபா கேரளத்தில் பாறசாலையை அடுத்த கொல்லயில் என்ற ஊர்க்காரி. கேரள அரசுப் பள்ளிகளில் தமிழ் ஆசிரியர் வேலைக்கான எழுத்துத் தேர்வு அன்று மதியம் ஒன்றரை மணிக்கு, நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஒன்று இருபதுக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதன் பிறகு யார் வந்து அழுதாலும் திறப்பதில்லை. இந்த வேலைக்கு அறிவிப்பு வருவதே எப்போதாவதுதான். அவளுக்கு வயது முப்பத்தொன்பது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். எட்டு மாதமாக விடிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்தவள். இதை விட்டால் அவளுக்கு வேறு தேர்வு கிடையாது.

அன்று பார்த்து கேரளத்தில் பஸ், ஆட்டோ, டாக்சி எல்லாவற்றுக்கும் பணிமுடக்கு, அதாவது வேலைநிறுத்தம். தேர்வை மட்டும் தள்ளிவைக்கவில்லை. “முந்தின நாள் ரயில்ல போயி அப்பா வீட்டுல தங்கிருவோம்” என்று சுபா மூன்று முறை சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. வீட்டில் பைக் நிற்கும்போது ரயில் எதற்கு? வாங்கி எட்டு மாதம் ஆகிறது. முந்நூற்றைம்பது சி.சி. அதில் மனைவியை உட்காரவைத்து எல்லை தாண்டிப் போய்த் தேர்வு மண்டப வாசலில் இறக்கிவிட வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

வண்டியைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இதில் தண்ணீர் ஊற்றும் ரேடியேட்டர் கிடையாது. இன்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காக உலோகத் தகடுகள் இருக்கும், ஓடும்போது அடிக்கும் காற்றில் அவை ஆறும். இன்ஜின் ஆயிலும் ஆற வேண்டுமே, அதற்காக முன்சக்கரத்துக்குப் பின்னால் சன்னமான இடுக்குகள் வைத்த ஒரு சின்னப் பெட்டி. பேர் ஆயில் கூலர். சூடான ஆயில் அதற்குள் போய், காற்றுப் பட்டு, ஆறித் திரும்பும். வண்டி ஓடினால்தான் காற்று, காற்று அடித்தால்தான் குளிர்ச்சி. நின்றால் வேகும்.

10.45, மார்த்தாண்டம். நின்றோம். திருவனந்தபுரம் போகும் தமிழ்நாட்டு பஸ்கள் எல்லாம் களியக்காவிளையோடு திரும்புவதால், அந்தச் சாலையில் இருந்த நெரிசல் மொத்தமும் மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேலே வந்து நின்றது. பாலத்தைக் கடக்க நாற்பது நிமிடம். பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. மேலே வெயில், கீழே இன்ஜின், பின்னால் சுபா.

“இஞ்சேருங்க, எனக்க காலு வேவுது.”

“பெரிய இன்ஜின் அப்படித்தான் இருக்கும்.”

“நேற்று ரயில்ல போயிருந்தா காலு நல்லா இருந்திருக்கும் இல்லியா?”

இதற்குப் பதில் தயாரிக்க எனக்குக் குழித்துறை வரை நேரம் கிடைத்தது. அங்கே போனதும் ஹாரனைத்தான் அடித்தேன்.

11.55, களியக்காவிளை. நாகர்கோவிலிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வண்டியை ஓரங்கட்டியபோது இன்ஜின் டிக் டிக்கென்று சொடுக்கியது. இந்த இடத்தில் இருபது நிமிடம் நிறுத்தி ஆறவைப்பதுதான் முறை. நான் ஒரு டீ குடிக்கிற நேரம் கொடுத்தேன். டீ பன்னிரண்டு ரூபாய், நேரம் ஏழு நிமிடம். எல்லைக்கு அந்தப் பக்கம் சாலை காலியாகக் கிடந்தது. ஒரு பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. மீதி பன்னிரண்டு கிலோமீட்டரை அதில் பறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஏற்கெனவே வெந்துபோன இன்ஜினை முழு விரட்டு விரட்டினால் என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

12.05, பாறசாலை. கொல்லயிலில் சுபாவின் அப்பா எங்களுக்குச் சோறு ஆக்கி வைத்துக் காத்திருந்தார். மாமியார் காலமான பிறகு அவரே நன்றாகச் சமைப்பார். நேரம் இல்லை, பரீட்சை முடிந்து வருகிறோம் என்று சுபா பின்சீட்டிலிருந்தே போனில் சொன்னாள். ஊரைத் தாண்டியதும் இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம். ஆக்சிலேட்டரைத் திருகத் திருக வேகம் குறைந்தது. எண்ணெய் கருகும் வாசனை வந்தது. 12.15-க்கு உதியன்குளங்கரைச் சந்திக்குச் சற்று முன்னால் வண்டி தானாக நின்றது. தேர்வு நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஆறு கிலோமீட்டர்.

சாலையோரம் ஒரு கரிக்கு வண்டி நின்றது. இளநீரை இங்கே கரிக்கு என்பார்கள், ஒன்று ஐம்பது ரூபாய். அதை விற்கும் மணியன், கையில் அரிவாளோடு முதலில் வந்து சேர்ந்தார். சந்தியில் சும்மா நின்ற மூன்று பேர் பின்னாலேயே வந்தார்கள். நடந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. செய்ய வேண்டியது என்ன என்பதில் நாலு பேருக்கும் ஒரே கருத்து.

“வெள்ளம் ஒழிக்கணும் சாரே” என்றார் மணியன். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அர்த்தம். “ஒரு குடம் வெள்ளம் ஒழிச்சா இப்பம் ஸ்டார்ட் ஆவும். எனக்க மச்சினனுக்க லாரிக்கு நான் ஒழிச்சதாக்கும்.”

“லாரிக்கு ரேடியேட்டர் உண்டு. இதுக்குக் கிடையாது. சூட்டோட பச்சைத் தண்ணி ஊத்தினா இன்ஜின் வெடிச்சிரும்.”

“வெள்ளத்துல எந்தச் சூடுதான் போவாது?”

கூட்டத்தில் ஒருவர் அதற்குள் எங்கிருந்தோ குடத்தோடு வந்துவிட்டார். நான் வண்டிக்கும் குடத்துக்கும் நடுவில் இரண்டு கைகளையும் விரித்து நின்றேன். அந்த மனிதர் இடப்பக்கம் போனால் நானும் இடப்பக்கம். கஞ்சித் தண்ணீர்தான் இன்னும் நல்லது என்று ஒருவர் சொன்னார். மணியன் கொஞ்சம் இறங்கிவந்து, வேண்டுமானால் கரிக்கு வெட்டி ஊற்றுகிறேன், அது உடம்புக்கே குளிர்ச்சி என்றார். உதவ வந்தவர்களிடமிருந்து வண்டியைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. சுபா இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அப்பாவுக்குப் போன் பண்ணிவிட்டு, சாலையில் இறங்கிப் போகிற பைக்குகளுக்குக் கை காட்டினாள். மூன்று பைக் நின்றது. பணிமுடக்கு நாள் ஆனதால் மூன்றிலும் ஏற்கெனவே பின்னால் ஆள் இருந்தது. கார்கள் நிற்கவேயில்லை.

அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் ஆறிவிடும் என்று வண்டியோடு வந்த கைப்புத்தகம் சொல்கிறது. 12.50-க்குக் கிளம்பினால்கூடப் போய்விடலாம். இன்ஜினின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக ஆயில் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு ஏன் இவ்வளவு சூடு என்று மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, மணியன் வண்டியின் முன்னால் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சாரே, இதுக்க முன்ன எதுக்கு சிமெண்டு பூசியிருக்கு?”

நான் முட்டி போட்டுப் பார்த்தேன். ஆயில் கூலரில் ஒரு இடுக்குகூட வெளியே தெரியவில்லை. காற்று நுழைய வேண்டிய இடம் முழுவதும் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு சுவர் எழும்பியிருந்தது. சாலைத் தூசி அதற்கு மேலே அப்பி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேய்ந்தது.

அது திருநீறு. கூடக் கொஞ்சம் சந்தனம்.

12.35. மாமனார் கொல்லயிலிலிருந்து குறுக்கு வழியாகக் குடை பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து சேர்ந்தார். தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்த சைவம். நெற்றியில் மூன்று கோடு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் வீட்டில் பிரிட்ஜுக்குத் திருநீறு உண்டு, மிக்சிக்கு உண்டு, தண்ணீர் மோட்டாருக்கு உண்டு. வண்டி வாங்கிய புதிதில் அவரே எங்கே பூசுவது என்று சுற்றிச் சுற்றி வந்து யோசித்தார். முன்விளக்கு கண். அதற்குக் கீழே இருப்பது நெஞ்சு. நெஞ்சில் திருநீறு இடுவது முறை. அந்தப் பெட்டியில் கோடு கோடாக இடுக்குகள் வேறு, முப்பட்டைக்கென்றே செய்ததுபோல அவருக்குத் தோன்றியது. மாதம் இரண்டு முறை நாங்கள் கொல்லயிலுக்குப் போவோம். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது தண்ணீரில் குழைத்து அழுத்திப் பூசிவிடுவார். பழையதை வழித்து எடுக்கமாட்டார், அது அபசாரம். எட்டு மாதத்தில் பதினாறு பூச்சு. எல்லாம் இன்ஜின் சூட்டில் நன்றாக வெந்து கெட்டியாகிவிட்டது. நான் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமனார் மனம் நோகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வந்தவர் சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். மணியனிடம் உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குழைத்தார். வண்டியின் முன்னால் குனிந்தார்.

“மாமா, வேண்டாம்” என்றேன்.

“ஏன் மாப்பிள?”

நான் சுபாவைப் பார்த்தேன். சாலையிலிருந்து சுபா திரும்பிப் பார்த்தாள். “அப்பா, நீங்க பூசினதாக்கும் அது அடஞ்சு கிடக்கு. அதுலதான் காத்து போவணும். போவாம வண்டி வெந்துபோச்சு.”

மாமனார் கூலரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மணியனைப் பார்த்தேன். குழைத்த திருநீற்றை வீணாக்காமல் தன் நெற்றியிலேயே இன்னொரு முறை பூசிக்கொண்டு, மாமனார் தரையில் உட்கார்ந்தார். மணியன் ஓர் ஓலையைக் கிழித்து ஈர்க்கு எடுத்துக் கொடுத்தார். இடுக்கு இடுக்காக ஈர்க்கை விட்டுக் குத்தத் தொடங்கினார் மாமனார். நல்ல வேலைதான், ஆனால் உதிரும் திருநீறு காலில் மிதிபடக் கூடாது. தோளில் கிடந்த தோர்த்துத் துண்டைக் கீழே விரித்து, ஒவ்வொரு சில்லாக அதில் சேர்த்தார். ஒரு சில்லு காற்றில் பறந்தது. எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்தார். மணி 12.45. பத்து நிமிடத்தில் ஐந்து இடுக்குதான் திறந்திருந்தது. இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டது.

சுபா சாலையில் நின்று வாட்சைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் அவள் அழவில்லை. “எட்டு மாசம் படிச்சது” என்றாள். யாரிடமும் சொன்ன மாதிரி இல்லை. நான் இந்த வண்டியையும் என் பெருமையையும் அந்த இடத்திலேயே சாக்கடையில் தள்ளிவிடத் தயாராக இருந்தேன். தள்ளினால் மட்டும் அவள் போய்ச் சேரவா போகிறாள்?

12.52. கிழக்கேயிருந்து ஒரு ஹாரன் கேட்டது. ரப்பர் பந்தை அமுக்கி அடிக்கிற மீன் ஹாரன். மாமனாரின் முகம் வழக்கம்போலச் சுருங்கியது. கொல்லயிலில் அவர் வீட்டு வாசல் வழியாகத் தினமும் காலை ஏழு மணிக்குப் போகிற மீன்காரர் அவர். பொழியூர்க் கடற்கரையிலிருந்து மீன் எடுத்துவந்து ஸ்கூட்டரில் விற்பவர். சுபா பள்ளிக்கூடம் போன காலத்தில் சைக்கிளில் வந்தாராம். சைவ வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று மாமனார் பஞ்சாயத்துக்குப் பல முறை மனு எழுதியிருக்கிறார். ஹாரன் நிற்கவில்லை, மனுக்களும் நிற்கவில்லை.

ஸ்கூட்டர் தானாகவே நின்றது. “எந்தா சாரே, வண்டி நின்னுபோச்சா?”

சுபா ஓடிப்போய் இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். பரீட்சை, ஒன்று இருபது.

“ஏறு மோளே. சமயம் உண்டு” என்றார் அவர். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்சீட் இருக்க வேண்டிய இடத்தில் மீன் பெட்டி கட்டியிருந்தது. “பெட்டிய இறக்கணும். ஆராவது நோக்கிக்கணும். காக்காவும் பூச்சயும் உண்டு.” பூச்ச என்றால் பூனை.

நானும் மணியனும் பெட்டியை அவிழ்த்து இறக்கினோம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“நான் நோக்கிக்கிடுதேன்” என்றார் மாமனார். “நீரு இடுக்கக் குத்தும் மாப்பிள. எனக்குச் சடுதியில வராது.”

பின்சீட்டில் ஐஸ் தண்ணீரும் செதிலும் ஒட்டியிருந்தன. மாமனார் தோர்த்தில் சேர்த்திருந்த திருநீற்றுச் சில்லுகளை அப்படியே சட்டைப் பைக்குள் கொட்டிக்கொண்டு, தோர்த்தை உதறி, அந்தச் சீட்டின் மேல் இரண்டாக மடித்து விரித்தார். “ஏறு மக்களே. பயப்படாண்டாம்.”

12.57-க்கு அவர்கள் கிளம்பினார்கள். ஆளில்லாத சாலையிலும் அந்த ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. இந்த முறை மாமனாரின் முகம் சுருங்கவில்லை.

1.05. நான் ஈர்க்கால் குத்திக்கொண்டிருந்தேன். மாமனார் மணியனின் வண்டி நிழலில், மீன் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி, குடையை மடித்துக் கையில் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு காக்கைகள் வந்தன. குடையை வீசினார். ஒரு பூனை வந்தது. குடையை நீட்டினார். அதன் பிறகு வந்தது ஆட்கள். பணிமுடக்கில் சந்தைக்குப் போக முடியாதவர்களுக்கு, சாலையோரம் மீன் பெட்டி தெரிந்தால் விடுவார்களா?

“சாளை என்ன வில?” என்றாள் ஒரு பெண்மணி.

“எனக்குத் தெரியாது.”

“அயல உண்டா?”

மாமனார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, குடை நுனியால் மூடியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். “நீயே பாத்துச் சொல்லு.”

“உண்டு. பின்ன வில தெரியாம எதுக்கு விக்கிய?”

“நான் விக்கல்ல. காவலாக்கும்.”

அந்த அம்மாள் நம்பவில்லை. விலை ஏறும்வரை பதுக்கி வைத்திருக்கிறார் என்று திட்டிவிட்டுப் போனாள். அடுத்து பைக்கில் வந்தவர் மாமனார் ஊர் சிவன் கோயில் கமிட்டி ஆள். வேகமாகப் போனவர், பத்தடி தாண்டி பிரேக் போட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். நெற்றியில் ஆறு கோடு திருநீறு, பக்கத்தில் மீன் பெட்டி. நன்றாகப் பார்த்தார்.

“அண்ணாச்சி, பென்ஷன் போதல்லியா?”

அப்போது நான் சிரித்தது தப்பு. ஆனால் மாமனாரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து முடிந்ததும் வாட்சைப் பார்த்தார், நானும் பார்த்தேன். 1.19. நான் மறுபடி ஈர்க்கை எடுத்தேன்.

1.34. மீன்காரர் திரும்பி வந்தார். “கேற்றிவிட்டாச்சு சாரே.” உள்ளே அனுப்பியாயிற்று என்று அர்த்தம், அவ்வளவுதான் சொன்னார். பெட்டியைத் திறந்து பார்த்தார், எல்லாம் இருந்தது. தோர்த்தை மடித்து நீட்டினார். மாமனார் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் சட்டைப் பையில் கை விட்டதைப் பார்த்ததும் மீன்காரர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, வெயிலில் ஐஸ் உருகுது என்று கிளம்பிப் போனார்.

இடுக்கு முழுவதும் திறந்த பிறகு, 1.45-க்கு ஸ்டார்ட் செய்தேன். ஒரே உதை. மணியன் மட்டும், வெள்ளம் ஒழித்திருந்தால் ஒரு மணிக்கே கிளம்பியிருக்கும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மாமனாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். அமரவிளைப் பாலத்தின் மேல் காற்று நன்றாக அடித்தது. இன்ஜின் சூடு காலில் தெரியவேயில்லை.

3.20, நெய்யாற்றின்கரை. தேர்வு முடிந்து சுபா வெளியே வந்தாள். நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்: “நூறு கேள்வியும் எழுதிட்டேன்.” பிறகு மீதியைச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது 1.15-க்கு. பையை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். எதிர்க்கடையில் பையைக் கொடுத்துவிட்டு ஓடிவருவதற்குள் காவலாளி கேட்டைச் சாத்தத் தொடங்கிவிட்டார். சாத்த முடியவில்லை. கேட்டின் நடுவில் மீன் ஸ்கூட்டர் நின்றது.

“ஸ்டார்ட் ஆவல்லன்னு உதைச்சுக்கிட்டே நிக்கியாரு. செக்யூரிட்டி சத்தம் போடுதாரு. இவரு திரும்பத் திரும்ப உதைக்கியாரு. நான் உள்ள போனப்பறம்தான் வண்டி ஸ்டார்ட் ஆச்சு.”

மாமனார் தோளில் கிடந்த தோர்த்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: “அவருக்க பேரு என்ன?”

சுபா என்னைப் பார்த்தாள். எனக்கு எப்படித் தெரியும்? “மீன்கார அண்ணன்னுதானே நாம சொல்லுவோம்” என்றாள்.

“மனுவிலகூட மீன்காரன்னுதான் எழுதினேன்” என்றார் மாமனார்.

அன்று கொல்லயிலில் தங்கினோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹாரன் கேட்டபோது, மாமனார் சட்டை போட்டுக்கொண்டு, கையில் குடையோடு வாசலில் நின்றார். ஸ்கூட்டரைக் கை காட்டி நிறுத்தினார். நானும் சுபாவும் பின்னால் நின்றோம்.

“உமக்கு பேரு என்னது?” என்றார்.

மீன்காரர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். “எதுக்கு சாரே? கேஸ் ஏதும் உண்டா?”

“கேஸ் ஒண்ணும் இல்ல.”

“பின்ன பேரு எதுக்கு?”

முப்பது வருடம் அரசாங்கக் காகிதம் எழுதிய மனிதர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “எனக்க மக நூறு கேள்வியும் எழுதிட்டா” என்றார்.

“அத முதல்ல சொல்லணும் சாரே!” மீன்காரர் வாய் நிறையச் சிரித்தார். “பத்ரோஸ்.”

“பத்ரோஸ்” என்று மாமனார் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.